ஐந்தருவிச் சாலையும் பாஸ்டன் மேடும்



போன இதழில் தண்ணீர் லாரிச் செலவுக் கணக்கு எழுதினேன். இந்த முறை கொஞ்சம் வரலாறு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத அது நம் பொதுக்குழுத் தீர்மானம் ஒன்றில் போய் நிற்கிறது. முழுதும் படித்துவிட்டு உங்கள் முடிவைச் சொல்லுங்கள்.

நம் குடியிருப்பில் விடியற்காலை ஓடும் குழு ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஒன்பது பேர். அதில் மூவர் பெண்கள். தென்காசியிலிருந்து குற்றாலம் போய், அங்கிருந்து படகுக் குழாம் வழியாக ஐந்தருவி வரை ஏறித் திரும்புவார்கள். மார்ச் மாதம் கேரளப் பக்கம் ஒரு மலைச்சாலையில் நடக்கும் அரை மாரத்தானுக்குத் தயாராகிறார்கள். நான் ஓடுவதில்லை. முழங்கால் இடம் கொடுக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரில் போய் தண்ணீர் பாட்டிலும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு படகுக் குழாம் பக்கம் நிற்பேன். வங்கியில் முப்பத்தைந்து வருடம் பேரேடு எழுதிய கை என்பதால் யார் எத்தனை கிலோமீட்டர் ஓடினார்கள் என்று ஒரு நோட்டிலும் எழுதி வைக்கிறேன்.

கடந்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். பெண்கள் காலை 5.30-க்கு முன் ஓடப் போவதாக இருந்தால் சிறிய கேட் திறக்கப்படாது, இருட்டில் ஏதாவது நடந்தால் சங்கம் பதில் சொல்ல முடியாது என்று. நல்லெண்ணத்தில்தான் போட்டோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதியதும் நான்தான். அன்று அந்த மூவரில் மூத்தவர் எழுந்து, "அண்ணாச்சி, நாங்க ஓடத்தான் போறோம், ஓடிப் போகப் போறதில்ல" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அதன் பிறகுதான் மாரத்தான் வரலாற்றை எடுத்துப் படித்தேன். முக்கியமாக அமெரிக்காவின் பாஸ்டன் நகர மாரத்தான். ஏப்ரல் மாதத்தில், மேடும் பள்ளமுமான சாலையில் நடக்கும் ஓட்டம் அது.

பதினைந்து பேரில் தொடங்கியது

1896-இல் ஏதென்ஸ் நகரில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தது. அங்கே மாரத்தான் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த பாஸ்டன் விளையாட்டுச் சங்கத்தார், அடுத்த வருடமே, 1897 ஏப்ரல் 19 அன்று, தங்கள் ஊரில் ஒன்று நடத்தினார்கள். ஓட வந்தவர்கள் 15 பேர். நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் மெக்டெர்மாட் 2 மணி 55 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். அப்போது தூரம் சுமார் 39 கிலோமீட்டர்தான். இன்றுள்ள 42.195 கிலோமீட்டர் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வந்த கணக்கு. அந்தத் தூரத்துக்கு ஏற்ப 1924-இல் பாஸ்டன் ஓட்டத்தின் தொடக்கத்தை ஹாப்கின்டன் என்ற சிற்றூருக்குத் தள்ளி வைத்தார்கள்.

ஹாப்கின்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 150 மீட்டர் உயரம். ஏறக்குறைய நம் தென்காசி இருக்கும் உயரம்தான். ஓட்டம் முடியும் இடமோ கடலோரம். அப்படியானால் இறக்கம்தானே, சுலபம்தானே என்று நானும் நினைத்தேன். வினை அங்கேதான் இருக்கிறது. இறக்கத்தில் ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் கனத்தைத் தொடைத் தசைதான் பிடித்து நிறுத்த வேண்டும். நீண்டுகொண்டே இறுகும் தசை சீக்கிரம் நைந்துவிடும். தொடக்கத்தில் கால் தன்னால் ஓடுகிறதே என்று வேகம் எடுத்தவர்கள், 26-ஆவது கிலோமீட்டரில் நியூட்டன் என்ற ஊரில் மேடுகள் தொடங்கியதும் மாட்டிக்கொள்வார்கள். நான்கு மேடுகள். கடைசி மேடு 33-ஆவது கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. உடம்பில் சேமித்த சர்க்கரைச் சத்து தீரும் நேரமும் அதுதான்.

அந்தக் கடைசி மேட்டின் உயரம் சுமார் 27 மீட்டர், நீளம் சுமார் 600 மீட்டர். நம் ஐந்தருவிச் சாலையில் பழகியவர்களுக்கு அது ஒரு மேடே இல்லை. ஆனால் 32 கிலோமீட்டர் ஓடிவிட்டு ஏறும்போது அது மலை.

அதற்கு 'ஹார்ட்பிரேக் ஹில்' என்று பெயர். நெஞ்சுடைக்கும் மேடு என்று சொல்லலாம். 1936-இல் நடந்த சம்பவத்தால் வந்த பெயர். முந்தைய வருடம் வென்ற ஜானி கெல்லி, முன்னால் ஓடிக்கொண்டிருந்த எல்லிசன் பிரவுனை நியூட்டன் மேடுகளில் துரத்திப் பிடித்தார். தாண்டும்போது பிரவுனின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். ஆறுதலாகத் தட்டினாரோ, இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தட்டினாரோ, பிரவுனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பாய்ந்து ஓடி வென்றார். கெல்லி ஐந்தாவதாக வந்தார். கெல்லியின் நெஞ்சு உடைந்த இடம் என்று ஒரு பத்திரிகை நிருபர் எழுத, பெயர் நிலைத்துவிட்டது.

அந்தக் காலத்தில் வென்றவர்களுக்குப் பரிசுப் பணம் கிடையாது. 1986 வரை கிடையாது. ஒரு பதக்கம், இலைக் கிரீடம், முடிந்ததும் ஒரு கிண்ணம் இறைச்சிக் குழம்பு, அவ்வளவுதான். கெல்லி மின்சார நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஓடியவர். 1945-இல் மறுபடியும் வென்றார். மொத்தம் 61 முறை பாஸ்டனில் ஓடத் தொடங்கி 58 முறை முடித்தார். கடைசியாக ஓடியது 1992-இல், 84 வயதில். அந்த மேட்டின் அருகே அவருக்குச் சிலை இருக்கிறது. இளைஞரான கெல்லியும் முதியவரான கெல்லியும் கைகோத்து ஓடுவது போன்ற சிலை. அறுபதைத் தாண்டிய நம்மில் பலர் அந்தப் படத்தை ஒரு முறை பார்க்க வேண்டும்.

புதருக்குள் காத்திருந்தவர்

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். முடிவில் சிலர் களைத்து விழுந்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கின. விளைவு, 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அந்த 800 மீட்டர்கூடக் கிடையாது. பெண்ணின் உடம்பு தாங்காது, அவர்கள் நன்மைக்காகத்தான் தடுக்கிறோம் என்றார்கள்.

1966-இல் பாபி கிப் என்ற இளம்பெண் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்தார். பெண்களால் இவ்வளவு தூரம் ஓட முடியாது என்று பதில் கடிதம் வந்தது. அவர் விடவில்லை. ஓட்ட நாளன்று தலையை மூடும் சட்டையும் தன் சகோதரரின் அரைக்கால் சட்டையும் அணிந்து, தொடக்க இடத்துக்கு அருகில் ஒரு புதரில் ஒளிந்திருந்தார். பாதிப் பேர் கடந்த பிறகு கூட்டத்தில் கலந்துகொண்டார். சிறிது நேரத்தில் பின்னால் ஓடிய ஆண்கள் அவர் பெண் என்று கண்டுகொண்டார்கள். மேல்சட்டையைக் கழற்றினால் பிடித்து வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று அவர் பயந்தபோது, நாங்கள் விடமாட்டோம் என்று அந்த ஆண்களே சொன்னார்கள். 3 மணி 21 நிமிடத்தில் முடித்தார். ஓடிய ஆண்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் அவருக்குப் பின்னால்தான் வந்தார்கள்.

தபால்காரர் மனம் மாறிய கதை

அடுத்த வருடக் கதைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் கேத்ரின் சுவிட்சர் என்ற மாணவி படித்தார். அங்கே பெண்களுக்கு ஓட்ட அணி இல்லாததால் ஆண்களோடு பயிற்சி செய்ய வந்தார். அங்கே தபால் கொண்டுவரும் வேலை பார்த்தவர் ஆர்னி பிரிக்ஸ். வயது ஐம்பது. பாஸ்டனில் பதினைந்து முறை ஓடியவர். அந்தப் பெண்ணுக்குத் துணையாக அவரும் ஓடத் தொடங்கினார். கடுங்குளிர், பனி. அந்தக் களைப்பை மறக்கடிக்க, ஓடிக்கொண்டே பாஸ்டன் கதைகளைச் சொல்வார்.

ஒரு நாள் பனிப்புயலில் ஓடும்போது அந்தப் பெண் சொன்னார்: கதை போதும், நாமே போய் ஓடலாம். பிரிக்ஸ், பெண்களால் முடியாது என்றார். இத்தனை நாள் அந்தப் பெண்ணோடு ஓடிய மனிதர்தான் அப்படிச் சொன்னார். ஆனாலும் ஒரு வார்த்தை சேர்த்தார்: பயிற்சியில் முழுத் தூரத்தையும் ஓடிக் காட்டினால் நானே கூட்டிப் போகிறேன். ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு இருவரும் மாரத்தான் தூரத்தைத் தாண்டி 31 மைல், அதாவது சுமார் 50 கிலோமீட்டர் ஓடினார்கள். கடைசியில் தடுமாறியவர் பிரிக்ஸ்தான். அதன் பிறகு அவரே முன்னின்று, முறைப்படி பெயர் கொடு என்று விண்ணப்பம் போட வைத்தார். விதிப் புத்தகத்தில் பெண்கள் கூடாது என்று எங்கும் எழுதப்படவில்லை. கே. வி. சுவிட்சர் என்று கையெழுத்திட்ட அவருக்கு 261-ஆம் எண் கிடைத்தது.

1967 ஏப்ரல் 19 அன்று, ஓட்டத்தின் முதல் சில மைல்களிலேயே அமைப்பாளர்களில் ஒருவரான ஜாக் செம்பிள் பாய்ந்து வந்து அவருடைய எண்ணைப் பிய்க்கப் பார்த்தார். கூட ஓடிய அவருடைய காதலர் செம்பிளை இடித்துத் தள்ளினார். பத்திரிகைக்காரர்கள் வண்டியிலிருந்து படம் எடுத்தார்கள். அந்தப் படங்கள் உலகம் முழுதும் பரவின. பிரிக்ஸ் பக்கத்தில் ஓட, சுவிட்சர் ஏறத்தாழ 4 மணி 20 நிமிடத்தில் முடித்தார். அதே நாள் பாபி கிப்பும் எண் இல்லாமல் ஓடி, அவருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஐந்து வருடம் கழித்து, 1972-இல், பாஸ்டன் பெண்களை முறைப்படி அனுமதித்தது. எட்டுப் பேர் ஓடினார்கள். நினா குஸ்சிக் வென்றார். தடுக்கப் பாய்ந்த செம்பிளும் பின்னாளில் சுவிட்சரோடு சமாதானமானார். 1984-இல் ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்தது. அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் வென்றார். 2017-இல் சுவிட்சர் தம் 70-ஆவது வயதில், அதே 261-ஆம் எண்ணோடு பாஸ்டனில் மறுபடியும் ஓடினார்.

நம் நாட்டிலும் இந்த ஓட்டம் பழையதுதான். 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் மாரத்தானில் பெல்காம் பக்கத்துக்காரர் ஃபடெப்பா சௌகுலே 19-ஆவதாக வந்தார். 1985-இல் ஹாங்காங் மாரத்தானில் பெண்கள் பிரிவில் ஆஷா அகர்வால் வென்றார். 2004-இல் மும்பை மாரத்தான் தொடங்கிய பிறகு, அலுவலகம் போகிறவர்களும் ஓய்வு பெற்றவர்களும் குழுவாகச் சேர்ந்து ஓடுவது நகரம் நகரமாகப் பரவியது. நம் ஒன்பது பேரும் அந்த வரிசையில் வந்தவர்கள்தான்.

நம் கேட்டுக்கு வருவோம்

இந்த வரலாற்றில் நான் கவனித்தது ஒன்று. தடுத்தவர்கள் யாரும் தங்களைக் கெட்டவர்கள் என்று நினைக்கவில்லை. பெண்களின் நன்மைக்காக என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நாமும் அதையேதான் சொன்னோம். வழி திறந்தது எப்படி என்றால், பக்கத்தில் கூட ஓடியவர்களால். புதரிலிருந்து வந்தவரை விடமாட்டோம் என்ற பெயர் தெரியாத ஆண்கள், முடியாது என்று சொல்லிவிட்டும் கூடவே 50 கிலோமீட்டர் ஓடிய தபால்காரர், இவர்களால்.

இருட்டுப் பயம் பொய் இல்லை. ஆனால் ஐந்தருவிச் சாலையில் இருட்டு ஆணுக்கும் இருட்டுதான். தனியாகப் போனால் எல்லோருக்கும் ஆபத்து. சேர்ந்து போனால் எல்லோருக்கும் குறைவு. பங்குனி வெயிலில் ஏழேகால் மணிக்கு மேல் இங்கே யாரும் ஓட முடியாது. நீண்ட தூர ஞாயிறுக்கு இரண்டரை மணி நேரம் வேண்டும். அப்படியானால் 4.45-க்குக் கிளம்பித்தான் ஆக வேண்டும். இது வெறும் கழித்தல் கணக்கு. 5.30-க்குக் கேட் திறந்தால் பெண்களுக்கு ஓட்டமே இல்லை என்றுதான் பொருள்.

என் நோட்டில் இப்போது ஆறு பேர் பக்கங்கள்தான் நிரம்புகின்றன. மூன்று பக்கங்கள் தீர்மானம் போட்ட வாரத்தோடு நிற்கின்றன. அன்று பொதுக்குழுவில் எழுந்து பேசியவரின் பக்கத்தில் கடைசியாக 16 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறேன்.

எனவே அடுத்த பொதுக்குழுவில் இந்தத் திருத்தத்தை முன்வைக்கிறேன். சிறிய கேட் ஞாயிற்றுக்கிழமை 4.45-க்குத் திறக்கப்படட்டும், ஆண் பெண் எல்லோருக்கும். யாரும் தனியாகப் போகக் கூடாது, எல்லோருக்கும். ஒளிரும் மேலங்கி அணிய வேண்டும். வண்டிகளுக்கு எதிர்ப்பக்கமாக, சாலையின் வலது ஓரத்தில் ஓட வேண்டும். போகிறவர் பெயரும் வீட்டு எண்ணும் தொலைபேசி எண்ணும் வாட்ச்மேன் நோட்டில் எழுதப்பட வேண்டும். ஸ்கூட்டரில் பின்னால் வர நான் இருக்கிறேன். இன்னொருவர் கிடைத்தால் முன்னாலும் ஒரு வண்டி போகலாம்.

பழைய தீர்மானத்தை எழுதிய அதே புத்தகத்தில் இதையும் என் கையாலேயே எழுத ஆசைப்படுகிறேன். அன்று சிரித்ததற்கு, அந்த மூவரிடமும் இந்த இதழ் வழியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

முன்னால் போகும் வண்டிக்கு ஆள் தேவை. விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும்.