இனிமேல் விட்டு என்ன பயன்?

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பட்டுத் தறி நெய்யும் பெரியவர் ஒருவருக்குக் குடலிறக்கம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. பீடியை அறவே விட்டுவிட்டு வரும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். பெரியவர் என்னிடம் கேட்டார்: "முப்பது வருஷமாக ஊதியாயிற்று, சார். இரண்டே மாதத்தில் நுரையீரல் புதிதாகிவிடுமா? இனிமேல் விட்டு என்ன பயன்?"

உங்கள் வீட்டிலும் இக்கேள்வி எழுந்திருக்கலாம். இதற்குத் தெளிவான விடை காண மருத்துவ உலகிற்கு ஏறக்குறைய 60 ஆண்டுகள் பிடித்தன என்றால் நம்புவீர்களா?

1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மார்ட்டன் என்ற மயக்க மருத்துவர், வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களைக் கவனித்து 'லான்செட்' இதழில் எழுதினார். புகைப்பவர்களுக்கு நுரையீரல் கோளாறுகள் சுமார் 6 மடங்கு அதிகமாயிருந்தன. புகை கெடுதி என்பது புலனாயிற்று. ஆனால், கடைசி நேரத்தில் விட்டால் பயனுண்டா?

1989இல் ஒரு குழப்பம் நேர்ந்தது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் இதய அறுவை செய்துகொண்டவர்களுள், எட்டு வாரத்திற்குள் புகையை விட்டவர்களுக்கு நுரையீரல் தொல்லை குறையவில்லை. 'கடைசி நேரத்தில் விட்டால் சளி கூடும்' என்ற அச்சம் பரவியது. 2011இல் பல ஆய்வுகளை ஒருசேரப் பரிசீலித்தபோது அவ்வச்சத்திற்கு ஆதாரம் கிட்டவில்லை.

ஒரு நாள் விட்டாலே நிகழ்வதைப் பாருங்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். இரத்தத்தில் அதன் அளவு பாதியாக ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். கதிரியக்கப் பாடத்தில் படித்த 'அரை ஆயுள்' கணக்கேதான்! 24 மணி நேரத்தில் முப்பதில் ஒரு பங்கே எஞ்சும். ஆறவேண்டிய புண்ணுக்குப் பிராணவாயு தாராளமாய்க் கிட்டும்.

சில வாரங்கள் விட்டால்? 2002இல் டென்மார்க்கில் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுச் சிகிச்சைக்குக் காத்திருந்த 120 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே புகையை விட உதவினர். பின்விளைவுகள் அவர்களுள் 18 சதவீதத்தினருக்கே நேர்ந்தன. மற்றவர்களுள் 52 சதவீதத்தினருக்கு!

மதுவும் அப்படியே. அதே நாட்டில், நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்து குடல் அறுவைக்குக் காத்திருந்தவர்களை ஆராய்ந்து 1999இல் முடிவை வெளியிட்டனர். ஒரு மாதம் மதுவை விட்டவர்களுள் 31 சதவீதத்தினருக்கும், விடாதவர்களுள் 74 சதவீதத்தினருக்கும் பின்விளைவுகள் ஏற்பட்டன.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் தாமாகத் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். மருத்துவர் துணையுடன்தான் நிறுத்தவேண்டும். மேலும், பழக்கத்தை விட்ட பிறகு பார்க்கலாம் என்று அவசரச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் கூடாது. நம் ஊர்க் காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரிலுள்ள புற்றுநோய் மருத்துவமனைக்குச் செல்வோர் இதை மனத்திற் கொள்வது நலம்.

இவற்றையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். "கணக்கு சரிதான், சார். தறிக்குழியில் இறங்கினால் கை தானாகப் பீடியைத் தேடுகிறதே?" என்றார். அவர் கூறியதும் உண்மையே. டென்மார்க் நோயாளிகளும் மனவுறுதியை மட்டும் நம்பவில்லை. ஆலோசனையும் நிகோடின் மாற்று மருந்தும் பெற்றார்கள். வெட்கப்படாமல் மருத்துவரிடம் உதவி கேளுங்கள். முப்பது ஆண்டுப் புகையை இரண்டு மாதம் அழித்துவிடாதுதான். ஆனால் புண் நன்றாக ஆற அது உதவும்.