பன்ஹில் இடுகாடு

இலண்டன் மாநகரின் பழைய மதில் நின்ற எல்லைக்கு வடக்கே, உயர்ந்த கட்டடங்களின் நடுவே, பன்ஹில் பீல்ட்ஸ் என்னும் சிறிய இடுகாடு ஒன்று உளது. இங்கிலாந்தின் அரசரும் அமைச்சரும் பலர் வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் துயில்கின்றனர். அரசோடும் திருச்சபையோடும் மாறுபட்டு நின்ற சான்றோர் பலர் இங்கே துயில்கின்றனர்.

'எலும்பு மேடு' என்னும் பொருள்படும் சொல்லே பன்ஹில் எனத் திரிந்தது என்பர். 1549ஆம் ஆண்டில் புனித பவுல் பேராலயத்தின் எலும்பு மண்டபம் இடிக்கப்பட்டபோது, அங்கிருந்த எலும்புகள் ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகளில் இவ்விடத்துக்குக் கொண்டுவரப்பட்டன. 1665இல் கொள்ளைநோய் நகரை வாட்டியபோது இந்நிலம் இடுகாட்டுக்கென ஒதுக்கப்பட்டது. ஆயினும், இங்கிலாந்துத் திருச்சபை இதனை முறைப்படி பிரதிஷ்டை செய்யவில்லை. அக்குறையே பின்னர் இதன் பெருமைக்குக் காரணமாயிற்று. அத்திருச்சபையின் வழிபாட்டு முறையை ஏற்காத கிறித்தவர்கள், தம் முறைப்படியே தம்மவரை இங்கு நல்லடக்கஞ் செய்தனர். 1854இல் மூடப்படும்வரை ஏறத்தாழ 1,20,000 பேர் இம்மண்ணில் அடக்கஞ் செய்யப்பட்டனர்.

அனுமதியின்றிச் சமயம் போதித்தமைக்காக 12 ஆண்டுகள் சிறையிருந்த ஜோன் பனியன், 1688இல் இங்கு அடக்கஞ் செய்யப்பட்டார். அவரது மோட்சப் பயணக் கதையைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் தமிழ்க் காப்பியத்தை இயற்றினார். துண்டுப்பிரசுரம் ஒன்றை எழுதியமைக்காக 1703இல் மரச்சட்டத்திற் பூட்டப்பட்டுத் தெருவில் நிறுத்தப்பட்டவர் டானியல் டீபோ. ரொபின்சன் குரூசோவைப் படைத்த அவரும் 1731இல் இங்கேயே அடங்கினார். 1870இல் அவருக்கு எழுப்பிய நினைவுத் தூணுக்குச் சிறுவர் சிறுமியர் பொருளுதவினர்.

கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் 1827இல் வறுமையில் மறைந்தார். பிறரோடு பொதுக்குழியில் வைக்கப்பட்ட அவருக்குக் கல்லும் நாட்டப்படவில்லை. இடுகாட்டுப் பதிவுகளை அன்பர்கள் ஆராய்ந்து கண்ட இடத்தில், 2018இல் அவர் பெயர் பொறித்த கல் நாட்டப்பட்டது.

மூடப்பட்ட இந்நிலம் கட்டடங்களுக்கு இரையாகிவிடுமோ என்ற அச்சம் எழுந்தபோது, 1867இல் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி இதனைக் காத்தது. 1869இல் இது பொதுப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஒரு காலத்திற் பனியனையும் டீபோவையும் தண்டித்த நாடே, அவர்தம் கல்லறைகளைத் தன் செல்வமெனப் பேணத் தலைப்பட்டது.