கெடிஸின் கோடரியும் இன்ச்கேப்பின் கணக்கும்

திறைசேரி வறளும்போதெல்லாம் ஒரு குரல் எழுவதை நாம் கேட்கிறோம். வர்த்தகத்திற் கைதேர்ந்தோரை அழைத்து அரசாங்கக் கணக்கேடுகளை அவர்கள் முன் விரித்துவைத்தால் வீண்செலவு ஒழிந்துவிடும் என்பதே அக்குரலின் சாரம். கவர்ச்சியான வாதந்தான். ஆயினும் எது வீண்செலவு என்பதை யார் தீர்மானிப்பது என்ற வினா அதனுள் மறைந்து கிடக்கிறது. இவ்வாதம் முழு அளவிற் செயலுருப் பெற்ற ஒரு சந்தர்ப்பத்தை, 1921 ஆம் ஆண்டின் பிரித்தானியாவில் நாம் காணலாம்.

முதலாம் உலகப் போர் முடிந்து, வேலையின்மை பெருகிய காலம் அது. பத்திரிகை முதலாளியான ரொதர்மியர் பிரபு அவ்வாண்டின் தொடக்கத்தில் 'வீண்செலவு எதிர்ப்புக் கழகம்' ஒன்றை நிறுவி, இடைத்தேர்தல்களில் அரசாங்கத்தைக் கலங்கச் செய்தார். பிரதமர் லொயிட் ஜோர்ஜ் ஓகஸ்ட் மாதத்தில் ஒரு குழுவை நியமித்தார். தலைவர் சேர் எரிக் கெடிஸ், புகையிரதக் கம்பனி நிருவாகத்திற் பேர்பெற்றவர். ஏனைய நால்வருள் இன்ச்கேப் பிரபுவும் சேர் ஜோசப் மக்லேயும் கப்பல் முதலாளிகள். பரிங்டன் பிரபுவும் சேர் கை கிரனெற்றும் புகையிரதக் கம்பனிகளோடும் நிதியுலகோடும் தொடர்புடையோர். கூலிக்கு உழைப்போரின் பிரதிநிதி ஒருவர்கூட அக்குழுவில் இல்லை.

10 கோடி பவுண் மிச்சம் பிடிக்கும்படி பணிக்கப்பட்ட குழு, 8 கோடியே 70 இலட்சம் பவுணுக்கு வழி காட்டியது. 1922 பெப்ரவரியில் அறிக்கைகள் வெளிவந்தன. மக்கள் அதனைக் 'கெடிஸின் கோடரி' என்றழைத்தனர்.

அக்கோடரி பாடசாலையின் மீது விழுந்த விதம் ஆசிரியராகிய நம் கவனத்திற்குரியது. கல்விச் செலவில் 1 கோடியே 80 இலட்சம் பவுண், அதாவது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, வெட்டப்பட வேண்டுமென்றது குழு. ஆறு வயது நிரம்பாத பிள்ளைகளைப் பாடசாலைக்கு வெளியே நிறுத்துக. வகுப்புகளைப் பெருக்கி ஆசிரியர் தொகையைச் சுருக்குக. ஆசிரியர் தம் ஓய்வூதியத்திற்குச் சம்பளத்தில் நூற்றுக்கு 5 வீதம் செலுத்துக என்றது. கப்பலிற் சரக்கேற்றுவோன் காலியிடத்தை நட்டமெனக் காண்பது இயல்பு. வகுப்பறையின் காலி வாங்கும் அவனுக்கு நட்டமே. ஐந்து வயதுப் பிள்ளை பாடசாலைக்கு வராவிடில் அரசுக்குச் செலவு மிச்சம். ஆலைக்குச் செல்லும் தாய் அப்பிள்ளையை எவரிடம் விட்டுச் செல்வாள் என்பதற்கு அவ்வரவு செலவேட்டிற் பத்தி ஏது?

குழுவுக்கு நாம் அநீதி இழைத்தலாகாது. கல்வியை விட இரு மடங்குக்கு மேற்பட்ட வெட்டை அது படைச் செலவிலேயே விதந்துரைத்தது: கடற்படையில் 2 கோடியே 10 இலட்சம், தரைப்படையில் 2 கோடி பவுண். கடற்படைத் தலைமை உடனே மறுப்பறிக்கை வெளியிட்டுப் போராடியது. ஆசிரியரும் பெற்றோரும் எதிர்த்தெழுந்தனர். பிள்ளைகளைத் தடுக்கும் யோசனையை அமைச்சரவை கைவிட்டது. கல்வியில் விழுந்த வெட்டும் கேட்ட தொகையை விடக் குறைந்தது. ஓய்வூதியப் பிடித்தமோ அதே ஆண்டிற் சட்டமாயிற்று. மொத்தத்தில் ஏறத்தாழ 5 கோடியே 20 இலட்சம் பவுண் வெட்டப்பட்டது.

அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில் வருமானவரி பவுணுக்கு 6 சிலிங்கிலிருந்து 5 சிலிங்காக இறங்கியது. தேயிலை வரியும் இறாத்தலுக்கு 4 பென்சு குறைந்ததென்பதை மறைக்க வேண்டியதில்லை. ஏழையின் கோப்பைக்கும் சிறிது கிடைத்தது. ஆயினும் வருமானவரி செலுத்துவோர் அன்று சிறுபான்மையினர். ஆசிரியரின் சம்பளத்திற் பிடித்த ஐந்து வீதத்தையும் அவர்களுக்கு விட்டுக்கொடுத்த ஒரு சிலிங்கையும் அருகருகே வைத்துப் பார்க்கையிற் கோடரியின் பிடி எவர் கையிலிருந்தது என்பது புலனாகிறது.

இதே இன்ச்கேப் பிரபு அவ்வாண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்து, செலவுச் சுருக்கக் குழுவொன்றின் தலைமையை ஏற்றார். எமக்கு அந்நியரல்லர் அவர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில் வ. உ. சிதம்பரம்பிள்ளை 1906 இல் நிறுவிய சுதேசிக் கப்பற் கம்பனியை ஒழிக்கக் கட்டணத்தைச் சரித்து நட்டத்தை விரும்பி ஏற்றது பிரிட்டிஷ் இந்தியக் கப்பற் கம்பனி. பிற்காலத்தில் அதன் தலைவராயிருந்தவர் இவரே. போட்டியாளனை வீழ்த்தச் செய்யும் வீண்செலவு வர்த்தக அகராதியில் வீண்செலவாகாது போலும்!

இந்தியக் குழுவில் சேர் புருஷோத்தமதாஸ் தாகுர்தாஸ், சேர் ராஜேந்திரநாத் முகர்ஜி முதலிய இந்திய முதலாளிகளும் இடம்பெற்றனர். 1923 மார்ச்சில் அது 19¼ கோடி ரூபா மிச்சத்தைக் காட்டியது. அதிற் பாதிக்கு மேற்பட்டது படைச் செலவிலிருந்தே வரவேண்டியது. அன்னியப் படையைத் தீனிபோட்டு வளர்த்த மக்களுக்கு இது நற்செய்தியே. எனினும் பற்றாக்குறை நீங்கவில்லை. அதே மாதத்தில் உப்பு வரியை மணங்குக்கு 1¼ ரூபாவிலிருந்து 2½ ரூபாவாக இரட்டிப்பாக்க அரசாங்கம் முனைந்தது. மத்திய சட்டசபை அதனை நிராகரித்தது. வைசிராய் ரெடிங் பிரபு தம் விசேட அதிகாரத்தைக் கொண்டு அதனைச் சட்டமாக்கினார். அடுத்த ஆண்டு அவ்வரி பழைய அளவுக்கு இறங்கும் வரை, குழுவின் சிக்கனத்துக்குப் பிறகும் எஞ்சிய பற்றாக்குறையை உப்பு வாங்கியோரே அடைத்து வந்தனர்.