சிங்கப்பூர் உணவங்காடி நிலையங்கள்

சிங்கப்பூரில் உணவங்காடி நிலையம் என்பது சுவரில்லாத ஒரு பெரிய கூடம். நாற்புறமும் திறந்திருக்கும், மேலே கூரை, அதில் ஓயாமல் சுழலும் மின்விசிறிகள். வரிசை வரிசையாகச் சிறு கடைகளும் நடுவே தரையோடு பொருத்தப்பட்ட மேசைகளும் இருக்கும். ஒவ்வொரு கடையும் ஓரிரு பண்டங்களை மட்டுமே ஆண்டுக்கணக்கில் சமைத்துக்கொண்டிருக்கும். சீனர் கடைக் கோழிச்சோறும், மலாய்க்காரர் கடையின் சாத்தே என்னும் குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியும், தமிழ் முஸ்லிம் கடைப் பிராட்டாவும் ஒரே மேசைக்கு வந்து சேரும். தீவெங்கும் இத்தகைய நிலையங்கள் 110க்கும் மேல் உள்ளன. 2020 டிசம்பர் 16 அன்று யுனெஸ்கோ இந்த உணவங்காடிக் கலாசாரத்தைத் தன் புலனாகாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் பெற்ற முதல் இடம் இது.

தமிழ்நாட்டிலிருந்து முதன்முறையாக வெளிநாடு போகிறவர்களில் பலர் இறங்கும் ஊர் சிங்கப்பூர். ஊர் பார்க்க வந்தவருக்கு அந்நாட்டின் ருசியும் பேச்சும் பழக்கமும் ஒருசேரக் கிடைக்கும் இடம் இந்த நிலையங்கள்தாம். அங்கே தட்டில் விழுகிற உணவும் அவரைப் போலவே முதன்முறை கடல் தாண்டி வந்தவர்களுக்காக, அப்படி வந்தவர்களால் ஒரு காலத்தில் சமைக்கப்படத் தொடங்கியதுதான்.

1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இத்தீவில் வாணிகத் தளம் அமைத்தார். சுங்கமில்லாத துறைமுகம் என்ற செய்தி பரவியதும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். ஃபூஜியன், குவாங்தொங், ஹைனான் பகுதிகளிலிருந்து சீனர்கள். மலாக்கா, சுமத்ரா, ஜாவாவிலிருந்து மலாய் இனத்தவர். சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து தமிழர்கள். பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்த ஆண்கள். படகுத்துறையில் மூட்டை தூக்கினார்கள், சாலை போட்டார்கள், பின்னாளில் ரிக்‌ஷா இழுத்தார்கள். ஓர் அறையில் பலர் முறைவைத்துப் படுக்கும் வாழ்க்கையில் அடுப்புக்கு இடமில்லை, சமைக்கப் பொழுதுமில்லை. அவர்களுடைய பசிக்குத் தெருவிலேயே சமைத்து விற்றவர்கள் நேற்றோ முந்தாநாளோ கப்பலிறங்கிய மற்றவர்கள். அந்தத் தொழிலுக்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. தோளில் காவடிபோல் ஒரு கம்பு; அதன் ஒரு முனையில் அடுப்பு, மறுமுனையில் பண்டமும் கிண்ணங்களும். அவ்வளவுதான் கடை.

கடை நடமாடியதால் அதற்கு ஒலி வேண்டியிருந்தது. நூடல்ஸ் விற்பவரின் கையாள் பையன் மூங்கிலை 'டொக் டொக்' என்று தட்டிக்கொண்டு முன்னால் போவான். கடைவீட்டு மாடியில் இருப்பவர்கள் கயிற்றில் கூடையைக் காசோடு இறக்குவார்கள். கூடை உணவோடு மேலே போகும். தமிழர்கள் தலையில் தட்டு சுமந்து கடலை, பட்டாணி, முறுக்கு வகைகளைக் காகிதக் கூம்புகளில் விற்றார்கள். 'கச்சாங் பூத்தே' என்று மலாயில் பெயர்பெற்ற அந்தத் தின்பண்டம் பிற்காலத்தில் திரையரங்க வாசல்களின் அடையாளமாயிற்று. ஊர்ப் பெட்டிக்கடைப் பண்டம் அந்நிய மொழியில் ஒரு பெயர் பெற்று, சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் கைநீட்டி வாங்கும் பொருளானதை அந்த வணிகர்களின் சாதனையென்றே சொல்ல வேண்டும்.

இந்தத் தெருக்களில் ஊர்ச் சமையல் ஊரிலிருந்தபடியே நீடிக்கவில்லை. பொருள் மாறியது, தின்பவர் மாறினார், ஆகவே பண்டமும் மாறியது. இதற்கு நல்ல சான்று மீ கோரெங். மஞ்சள் நூடல்ஸ் சீனருடையது. அதை வாங்கி மிளகாய்ச் சாந்தும் தக்காளியும் உருளைக்கிழங்கும் சேர்த்துப் புரட்டி எடுத்தவர்கள் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள். பெயர் மட்டும் மலாய்: கோரெங் என்றால் பொரித்தது, வறுத்தது. இந்தியாவில் எந்த ஊரிலும் இல்லாத 'இந்திய' உணவு அது. 'இந்தியன் ரோஜாக்'கும் அப்படித்தான். ரோஜாக் என்ற மலாய்ச் சொல்லுக்குக் கலவை என்று பொருள். மாவில் தோய்த்துப் பொரித்த உருளைக்கிழங்கு, இறால் வடை, முட்டை, தவ்ஹூ என்னும் சோயாக்கட்டி முதலியவற்றை நறுக்கிக் காரமும் இனிப்புமான செந்நிறக் குழம்போடு தருவார்கள். மீன்தலைக் கறியின் கதை இன்னும் தெளிவானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோஃபியா ரோட்டில் கடை வைத்திருந்த கேரளத்துக்காரர் எம்.ஜே. கோமஸ், மீன்தலையை விரும்பி உண்ணும் சீன வாடிக்கையாளர்களுக்காகத் தென்னிந்தியக் குழம்பில் அதைச் சமைத்துக் கொடுத்தார் என்பது வழங்கிவரும் வரலாறு. பின்னர் அது தமிழர் உணவகங்களின் வாழையிலைக்கும் சீனர் கடைகளின் மண்சட்டிக்கும் பரவியது.

ஹைனான் தீவினரின் கதை வேறு வகை. அவர்கள் மற்றச் சீனக் குழுவினருக்குப் பின்னால் வந்தவர்கள். வாணிகமும் படகுத் தொழிலும் ஏற்கெனவே ஹொக்கியன், தியோசியூ மக்களின் கையில் இருந்தன. எனவே ஹைனானியர் வெள்ளைக்காரர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையற்காரர்களாகச் சேர்ந்தனர். பிறகு கோப்பிக் கடை வைத்தனர். அங்கே அவர்கள் விற்ற ரொட்டியும் வெண்ணெயும் துரை வீட்டுப் பழக்கம். அதன்மேல் தடவிய காயா என்னும் தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரைச் சாந்து தென்கிழக்காசியச் சரக்கு. கோழிச்சோற்றின் மூலம் ஹைனானின் வென்ச்சாங் கோழி. வோங் யி குவான் என்பவர் அதைத் தெருவில் சுமந்து விற்றார். அவரிடம் தொழில் பழகிய மோ லீ ட்வீ, 1940களின் இறுதியில் மிடில் ரோட்டில் 'ஸ்வீ கீ' கடையைத் தொடங்கி அதை ஊரறியச் செய்தார். கோழி வெந்த சாற்றிலேயே சோற்றையும் வேகவைப்பதுதான் அதன் உயிர்.

விற்பவர்களுக்குத் தெருவணிகம் பிழைப்பு. காலனி அரசுக்கோ அது தலைவலி. தள்ளுவண்டிகள் வழியை அடைத்தன. குழாய்நீர் கிடையாது; ஒரே வாளித் தண்ணீரில் நாள் முழுதும் கிண்ணங்கள் கழுவப்பட்டன. கழிவு சாக்கடையில் விழுந்து ஆற்றுக்குப் போயிற்று. காலராவும் டைபாய்டும் பரவிய நகரில் அதிகாரிகளின் அச்சம் பொய்யன்று. ஆனால் அவர்கள் கைக்கொண்ட வழி பெரும்பாலும் துரத்துவதும் தண்டம் விதிப்பதுமாகவே இருந்தது. ஒரு பக்கம் போலீசாரின் கெடுபிடி, மறுபக்கம் காவற்பணம் கேட்கும் குண்டர்கள். 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சிக்குப் பின் வேலையின்மை பெருகவே, தெருவில் கடை விரிப்போர் தொகையும் பெருகியது. 1950இல் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு இச்சிக்கலை முழுவதும் ஆராய்ந்தது. மலிவான உணவும் ஏழைக்கு வேலையும் தருகிற தொழிலை வெறுமனே ஒடுக்க முடியாது என்ற புரிதல் மெல்ல வலுத்தது.

1965இல் சிங்கப்பூர் தனிநாடானது. தீர்வு அதற்குப் பிறகே வந்தது. முதல் வேலை கணக்கெடுப்பு. 1968-69இல் தீவு முழுவதும் தெரு வணிகர்கள் பதிவு செய்யப்பட்டனர். 18,000க்கும் மேற்பட்டோருக்குத் தற்காலிக உரிமம் கொடுக்கப்பட்டது. அடுத்து அவர்களைப் பெருந்தெருக்களிலிருந்து சந்துகளுக்கும் வண்டி நிறுத்துமிடங்களுக்கும் நகர்த்தினார்கள். 1971 தொடங்கி அவர்களுக்கென்றே கட்டடங்கள் எழுந்தன. ஒவ்வொரு கடைக்கும் குழாய்நீர், மின்சாரம், கழிவுநீர்க் குழாய். பொதுவில் குப்பை அகற்றும் ஏற்பாடு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடிப் பேட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஒவ்வொரு பேட்டைக்கும் ஈரச்சந்தையும் உணவங்காடியும் சேர்ந்த கட்டடம் ஒன்று என்பது வழக்கமாயிற்று. தெருவிலிருந்து வந்தவர்களுக்கு வாடகை மானியமும் உண்டு. 1977இல் பிரதமர் லீ குவான் இயூ சிங்கப்பூர் ஆற்றைப் பத்தாண்டில் தூய்மையாக்க வேண்டும் என்று அறிவித்ததும் வேலை விரைந்தது. ஆற்றங்கரையிலும் அதன் வடிநிலத்திலும் இருந்த ஏறக்குறைய 5,000 வணிகர்கள் இடம்மாறினர். 1986க்குள் தெருவில் ஏறக்குறைய எவரும் இல்லை.

சாக்கடையும் குழாய்நீரும் போட்டுக் கொடுத்தது அரசு. ருசியைச் சுமந்து வந்தவர்கள் வணிகர்கள். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் இந்த நிலையங்கள் இல்லை. பல நாடுகளில் நகரைத் தூய்மைப்படுத்துவது என்றால் தெருக்கடையை அழிப்பதாகவே முடிந்தது. இங்கே கடைக்காரரை அவர் பண்டத்தோடும் வாடிக்கையோடும் கூரைக்குள் கொண்டுவந்தார்கள். ஆயினும் இழப்புகள் உண்டு. கடையிடம் சீட்டுக் குலுக்கலில் கிடைத்தது; நல்ல மூலை கிடைத்தவர் பிழைத்தார், கிடைக்காதவர் தடுமாறினார். மூங்கில் தட்டும் ஓசை மறைந்தது. பீச் ரோட்டுப் பக்கம் தொடங்கி, பிறகு எஸ்பிளனேடு கடலோரத்துக்கு மாறி, மாலை நேரத்தில் கரிப்புகை மணந்த 'சாத்தே கிளப்' 1995இல் மூடப்பட்டது.

பழைய சந்தைகளில் இரண்டு இவ்வரலாற்றைத் தம் கட்டடத்திலோ பெயரிலோ வைத்திருக்கின்றன. நகர மையத்திலுள்ள லாவ் பா சாட், ஹொக்கியன் மொழியில் 'பழைய சந்தை'. எண்கோண வடிவத்தை 1838இல் கட்டடக் கலைஞர் கோல்மன் கொடுத்தார். 1894இல் பொறியாளர் மெக்ரிட்சி அதே வடிவைப் பின்பற்றி வார்ப்பிரும்புத் தூண்களுடன் இன்றைய இடத்தில் புதிதாக எழுப்பினார். 1973இல் அது தேசிய நினைவுச்சின்னமானது. மற்றொன்று தமிழர்களுக்கு நெருக்கமான தேக்கா. லிட்டில் இந்தியாவில் 1915இல் எழுந்த சந்தைக்குக் கண்டாங் கெர்பாவ் என்று பெயர், மலாயில் எருமைக்கொட்டில். அப்பகுதியில் கால்நடைத் தொழில் நடந்ததன் எச்சம் அது. மக்கள் வாயில் வழங்கிய 'தேக்கா' என்னும் பெயரோ மூங்கிலைக் குறிக்கும் ஹொக்கியன் வழக்கிலிருந்து வந்தது. 1982இல் சந்தை சாலைக்கு எதிர்ப்புறம் இன்றைய கட்டடத்துக்கு மாறியபோது மாண்டரின் ஒலிப்பில் 'ஜூஜியாவ்' என்று பெயரிட்டார்கள். மக்கள் ஏற்கவில்லை, 2000இல் தேக்கா என்ற பெயரே திரும்பியது. தமிழும் மலாயும் சீனமும் கலந்து ஒலிக்கும் அந்தக் கூடத்தில் தோசையும் பிரியாணியும் வாத்துச்சோறும் சில அடித் தொலைவில் கிடைக்கும்.

ஒரே கூரைக்குள் பன்றியும் மாடும் ஹலாலும் சைவமும் சண்டையின்றி இருப்பது தானாக அமைந்ததன்று. ஹலால் கடைகளின் தட்டுகள் தனியாக வைக்கப்படுகின்றன. உண்டபின் திருப்பி வைக்கும் அலமாரியும் தனி. மேசை மட்டும் பொது. முதன்முறை வருபவர் அறிந்துகொள்ள வேண்டிய வழக்கம் வேறு சிலவும் உண்டு. காலி மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால் அது யாரோ பிடித்துவைத்த இடம். இதற்கு 'சோப்' செய்வது என்று பெயர்; முத்திரையைக் குறிக்கும் மலாய், இந்திச் சொற்களோடு அது உறவுடையதாகக் கருதப்படுகிறது. கடைக்காரர் எந்த இனமானாலும் 'அங்கிள்', 'ஆன்ட்டி'. கோப்பிக்கு ஒரு தனி மொழியே இருக்கிறது. 'கோப்பி' என்று மட்டும் கேட்டால் கெட்டிப்பால் சேர்த்தது வரும். 'கோப்பி ஓ' பாலில்லாதது, 'கோப்பி சி' சர்க்கரை சேராத டின்பால் ஊற்றியது, 'கோசோங்' என்றால் சர்க்கரை வேண்டாம். ஓ ஹொக்கியன், கோசோங் மலாய். பல மொழிக்காரர்கள் தலைமுறைகளாக ஒருவர் கோப்பியை மற்றவர் கேட்டு வாங்கியதன் விளைவு அந்த ஒரு வரி ஆர்டர். 2021 செப்டம்பர் முதல், உண்டவர் தம் தட்டைத் தாமே திருப்பி வைக்க வேண்டும் என்ற விதியும் கண்டிப்பாக நடைமுறையில் உள்ளது.

தெருவணிகர் இடமாற்றம் முடிந்ததும் புதிய நிலையங்கள் கட்டுவது நின்றுபோனது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து, 2011இல் மீண்டும் பத்து நிலையங்கள் கட்டப்படும் என்று அரசு அறிவித்தது. 2015இல் மேலும் பத்து அறிவிக்கப்பட்டன. 2016இல் சைனாடவுன் நிலையத்தில் சான் ஹொன் மெங் நடத்திய கோழிக் கடைக்கு மிஷ்லின் நட்சத்திரம் கிடைத்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது. அங்கே ஒரு தட்டுக் கோழிச்சோறு அப்போது 2 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அந்த மலிவு எல்லோருக்கும் வரம், கடைக்காரருக்கோ பாரம். விடியுமுன் எழுந்து, அனல்முன் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்று, சில வெள்ளிக்கு விற்கும் தொழிலுக்குப் பிள்ளைகள் வரத் தயங்குகிறார்கள். கடைக்காரர்களின் இடைநிலை வயது 60ஐ ஒட்டி நிற்கிறது. 2020இல் தேசியச் சுற்றுப்புற வாரியம் புதியவர்களுக்கான பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அனுபவமுள்ள கடைக்காரரிடம் தொழில் பழகிவிட்டு, சொந்தக் கடை தொடங்கிப் பார்க்க அதில் வழியுண்டு.