மன்னிப்புக்கு முன் ஒரு பத்திரம்

1552-ஆம் ஆண்டு ஸ்பெயினின் செவில் நகரில், பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களுக்கென ஒரு சிறு நூல் அச்சாயிற்று. அமெரிக்க நாடுகளைப் போரிட்டுப் பிடித்த ஒருவன் சாகும் தறுவாயில் குருவை அழைத்தால் என்ன செய்வது என்பதை அதன் முதல் விதி சொல்கிறது. குரு அவனுடைய பாவங்களைக் கேட்க உட்காரும் முன்னரே பத்திரம் எழுதுபவரை வரவழைக்க வேண்டும். சாகக் கிடப்பவன் தன் உடைமை அனைத்தையும் குருவின் பொறுப்பில் விட்டு, சட்டப்படி செல்லும் பத்திரம் எழுதித் தர வேண்டும். தன்னிடமுள்ள அடிமைகளை அப்போதே விடுவிக்க வேண்டும். ஸ்பெயினிலிருந்து தான் எதுவும் கொண்டுவரவில்லை, இருப்பதெல்லாம் அந்த மண்ணின் மக்களிடமிருந்து வந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தாலும், பறிகொடுத்தவர்களுக்கே முதல் உரிமை. இவ்வளவும் முடிந்த பிறகுதான் பாவசங்கீர்த்தனம். போர் நடத்தியவர்களுக்கு ஆயுதம் விற்ற வணிகர்களையும் அந்நூல் விட்டுவைக்கவில்லை.

எழுதியவர் பர்த்தொலொமே தெ லாஸ் காசாஸ். தொமினிக்கன் சபைத் துறவி, இன்றைய மெக்சிகோவின் தெற்கிலுள்ள சியாப்பாவின் ஆயராக இருந்தவர். மனமாற்றம் பற்றிக் கிறிஸ்தவ உலகம் எழுதியவற்றுள் இந்தச் சிறு நூலுக்கு இணையானவை மிகச் சிலவே என்பது என் துணிபு. ஏனெனில், அதன் முதல் விதி சொல்லும் மனிதனாகவே இவரும் ஒரு காலத்தில் வாழ்ந்தார்.

1502-இல் கரிபியக் கடலின் இஸ்பனியோலா தீவுக்கு வந்த இளைஞர் லாஸ் காசாஸுக்கு மற்றக் குடியேறிகளைப் போலவே நிலமும் கிடைத்தது, அதில் உழைக்கப் பழங்குடி மக்களும் கிடைத்தார்கள். குருவான பின்னும் அவர்களை விடவில்லை. 1511-ஆம் ஆண்டு திருவருகைக்காலத்தில், அத்தீவின் சாந்தோ தொமிங்கோ நகரில் அந்தோனியோ தெ மோந்தேசினோஸ் என்னும் தொமினிக்கன் துறவி பீடத்திலேறி, இந்த மக்களை வதைக்கும் நீங்கள் சாவான பாவத்தில் இருக்கிறீர்கள் என்று குடியேறிகளின் முகத்துக்கு நேரே முழங்கினார். அந்தச் சபையைச் சேர்ந்த ஒரு துறவி, ஆட்களை வைத்திருக்கும் காரணத்தால் லாஸ் காசாஸுக்குப் பாவமன்னிப்பு அளிக்க மறுத்ததும் உண்டு. அவரோ அத்துறவியிடம் வாதாடிவிட்டுத் தம் வழியே போனார். கூபாவைப் பிடிக்கச் சென்ற படையுடன் குருவாகப் போய், அங்கும் ஆட்களைப் பெற்றுப் பண்ணை நடத்தினார்.

1514-இல் பெந்தகோஸ்துத் திருநாள் மறையுரைக்காக விவிலியத்தைப் புரட்டியபோது, சீராக் நூலின் 34-ஆம் அதிகாரம் அவரைப் பிடித்து நிறுத்தியது. அநியாயமாய்ச் சேர்த்ததிலிருந்து கொடுக்கும் பலி இறைவனுக்கு ஏற்புடையதல்ல என்றும், கூலிக்காரனின் கூலியைப் பறிப்பவன் இரத்தம் சிந்துபவனே என்றும் சொல்லும் பகுதி அது. பலி ஒப்புக்கொடுக்கும் தம் கை, பண்ணை வரவை எண்ணும் அதே கைதான் என்பது அவருக்கு உறைத்தது. சில நாள் தமக்குள் ஆராய்ந்தார். பிறகு ஆளுநர் தியேகோ வெலாஸ்கெஸிடம் சென்று தம் ஆட்களை விட்டுவிடுவதாக அறிவித்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 15, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, அதை மறையுரையிலும் சொன்னார்.

இங்கேதான் அவர் வாழ்வு நமக்குப் பாடமாகிறது. அவர் விட்ட ஆட்கள் விடுதலை பெறவில்லை. வேறொருவர் கைக்கு மாறுவார்கள், அங்கே உழைத்தே மடிவார்கள் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. நடந்ததும் அதுவே என்று பின்னாளில் எழுதினார். கையைக் கழுவிக்கொண்டு ஒதுங்கியிருந்தால் அவர் மனச்சாட்சி சற்று ஆறியிருக்கலாம். அந்த மக்களுக்கு ஒன்றும் கிடைத்திராது. ஆகவே 1566-இல் மத்ரித் நகரில் இறக்கும் வரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அரசவையிலும் திருச்சபையிலும் அவர்களுக்காக வழக்காடினார். ஆயரானபின், 1545-இன் தவக்காலத்தில், அடிமைகளை வைத்திருப்போருக்குப் பாவமன்னிப்பு இல்லை என்று தம் மறைமாவட்டத்தில் கட்டளையிட்டார். ஊர் கொதித்தெழுந்தது. அச்சேறும் முன்பே கையெழுத்துப் படிகளாகச் சுற்றிவந்த அவருடைய விதிகளைத் திரும்பப் பெற 1548-இல் அரசாணையே பிறந்தது.

மன்னிப்புக்கு முன் ஈடு கேட்பது ஒரு தீவிரவாதியின் புதுமை என்று எதிரிகள் சொன்னார்கள். அது தவறு. யோர்தான் கரையில் மனமாற்றத்துக்கு அழைத்த திருமுழுக்கு யோவானிடம், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று மக்கள் கேட்டதை லூக்கா எழுதிவைத்திருக்கிறார். யோவான் அவர்களை அழச் சொல்லவில்லை, நோன்பிருக்கவும் சொல்லவில்லை. மிகுதியான அங்கியைக் கொடு என்றார். வரி தண்டுவோரிடம் விதித்ததற்கு மேல் வாங்காதே என்றார். படைவீரரிடம் மிரட்டிப் பணம் பறிக்காதே என்றார். வரி தண்டிய சக்கேயு, ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காய்த் திருப்பித் தருகிறேன் என்ற பிறகே மீட்பு அவன் வீட்டுக்கு வந்ததாக இயேசு அறிவித்தார். பறித்ததைத் திருப்பித் தர முடிந்தும் தராதவனுடைய மனத்துயர் வெறும் நடிப்பு என்று புனித அகுஸ்தீன் மக்கெதோனியு என்ற அதிகாரிக்குக் கடிதம் எழுதினார். அக்குவினாத் தோமா இதையே நீதியின் கடமையாக விரித்துரைத்தார்: முழு ஈடு செய்ய இயலாதபோது, இயன்ற அளவு செய்தே ஆகவேண்டும்.

நம் மொழிக்கும் இவ்வகை நூல் புதிதல்ல. 1580-இல் கொச்சியில் அன்றீக்கே அடிகளார் அச்சிட்ட பாவசங்கீர்த்தன நூல், தமிழில் அச்சேறிய மிக முந்திய புத்தகங்களில் ஒன்று. ஆனால் இன்று தவக்காலத்தில் நாம் மண்டியிட்டுச் சொல்வது என்ன? கோபப்பட்டேன், பொய் சொன்னேன், ஞாயிறு திருப்பலிக்குப் போகவில்லை. வாங்கிய வரதட்சணையை யார் சொல்கிறார்கள்? வீட்டு வேலைக்கு வருபவருக்குக் கொடுக்கும் குறைந்த சம்பளத்தை யார் பாவம் என்று எண்ணுகிறார்கள்? கிறிஸ்தவக் கல்லறைகளுக்குள்ளேயே சாதிக்கொரு பகுதி பிரித்தார்களே, அதை எந்தத் தவக்காலத்தில் யார் அறிக்கையிட்டார்கள்? மனத்துக்குள் நடப்பவை மட்டுமே பாவம் என்று நம்மைப் பழக்கிவிட்ட ஆன்மிகத்தின் மீது எனக்கு ஆழ்ந்த வருத்தமுண்டு. அதில் கண்ணீருக்கு இடமிருக்கிறது. கணக்குப் புத்தகத்துக்கு இடமில்லை.

லாஸ் காசாஸின் கணக்கிலும் ஒரு பெரிய கடன் நின்றது. பழங்குடிகளைக் காப்பாற்றும் ஆவலில், 1516 முதல், அவர்களுக்குப் பதிலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று அரசுக்கு யோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவர். அந்த வணிகம் அவருக்கு முன்பே இருந்தது. அவர் சொல் அதற்கு வலுச்சேர்த்தது. போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்கரை எப்படிப் பிடித்தார்கள் என்பதைப் பின்னர் அறிந்து, ஆப்பிரிக்கரை அடிமையாக்குவதும் பழங்குடிகளை அடிமையாக்குவதைப் போன்ற அநீதியே என்று எழுதினார். அறியாமையும் நல்லெண்ணமும் இறைத்தீர்ப்பின் முன் தம்மைக் காக்குமா என்பது தமக்கு உறுதியில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். யாரிடம் போய் எதைத் திருப்பிக் கொடுப்பது? பத்திரம் எழுதித் தீர்க்கும் கடனல்ல அது. ஆகவே, பிறர் கொடுமைகளைப் பதிந்துவந்த தம் ‘இந்தியத் தீவுகளின் வரலாறு’ என்ற நூலிலேயே, தம்மை ‘குரு காசாஸ்’ என்று படர்க்கையில் குறித்து, தம் குற்றத்தையும் அவற்றோடு சேர்த்து எழுதிவைத்தார்.