நட்சத்திர மீனைக் கையில் தூக்கலாமா?

சாங்கி கடற்கரை. கடல்நீர் வற்றியிருக்கிறது. ஈர மணலில் ஒரு நட்சத்திர மீன். "சும்மா ஒரு போட்டோதானே!" என்று கையில் தூக்கிவிடுகிறோம்.

பார்க்கக் கல் மாதிரி கிடந்தாலும் அதற்கு உயிர் உண்டு. நம் கையில் இருக்கும் அந்த நேரத்தில் அது மூச்சுவிடச் சிரமப்படும். ஏன்?

கரையில் யார் யார்?

நீர் வற்றும்போது நாம் பார்ப்பவற்றில் இரண்டு பெரிய கூட்டங்கள் உண்டு.

● கணுக்காலிகள்: நண்டு, இறால். வீட்டில் வரும் கரப்பான்பூச்சி, சிலந்திகூட இதே கூட்டம்தான். இதுவரை பெயரிடப்பட்ட விலங்கினங்களில் ஐந்தில் நான்குக்கு மேல் இவையே.

● முட்தோலிகள்: நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் அட்டை. ஏறக்குறைய 7,000 வகைகள். எல்லாமே கடலைச் சார்ந்தவை. ஆற்றிலோ குளத்திலோ ஒன்றுகூட இல்லை.

நட்சத்திர மீன், மீனா?

இல்லை. செதில் இல்லை, துடுப்பு இல்லை. மூளைகூட இல்லை!

அதன் உடலுக்குள் ஓடும் குழாய்களில் கடல்நீர் போன்ற திரவம் இருக்கிறது. அந்தத் திரவத்தின் அழுத்தத்தில்தான் அடிப்பக்கத்தில் உள்ள நூற்றுக்கணக்கான குட்டிக் குழாய்க்கால்கள் அசைகின்றன. நடப்பது, ஒட்டிக்கொள்வது, இரையைப் பிடிப்பது எல்லாம் அவற்றின் வேலை.

மூச்சுவிடவும் அதே கால்கள்தான். தோலில் உள்ள மெல்லிய செவுள்களும் கைகொடுக்கும். இரண்டுக்கும் ஈரம் வேண்டும். அதனால்தான் நீர் வற்றும்போது சில வகைகள் ஈர மணலுக்குள் புதைந்துகொள்கின்றன.

ஒட்டிக்கொண்டிருப்பதை வெடுக்கென்று இழுத்தால் அந்தக் கால்கள் அறுந்துபோகலாம்.

நண்டுக்குத்தான் ஓடு இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் உடல் வளர வளர அந்த ஓடு வளராது. அதனால் நண்டு பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு வெளியே வரும். புது ஓடு இறுகும்வரை உடம்பு மெத்தென்று இருக்கும். உணவகத்தில் 'சாஃப்ட் ஷெல் கிராப்' என்று சாப்பிடுகிறோமே, அது இந்தக் கட்டத்தில் பிடிபட்ட நண்டு.

அந்த நேரத்தில் அதற்குப் பாதுகாப்பு ஒளிவிடம் மட்டுமே. நாம் கல்லைப் புரட்டிப் போட்டால் அதுவும் போச்சு.

நமக்கு யார் நெருங்கிய சொந்தம்?

கண்ணும் காலும் உள்ள நண்டுதான் என்று நினைக்கிறீர்களா? இல்லை, நட்சத்திர மீன்!

 கருவில் முதலில் உருவாகும் துளை, முட்தோலிகளிலும் முதுகெலும்புள்ள விலங்குகளிலும் மலவாய்ப் பக்கமாகிறது. வாய் பிறகு வேறிடத்தில் தோன்றும். மரபணு ஆய்வுகளும் அந்த உறவை உறுதிசெய்கின்றன.

அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது...

● கிடக்கும் இடத்திலேயே பாருங்கள், அங்கேயே படமெடுங்கள்.
● கல்லைப் புரட்டினால், மெதுவாகப் பழையபடி வைத்துவிடுங்கள்.
● வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.
● காலடியைப் பார்த்து நடங்கள். மணலுக்குள்ளும் ஆள் இருக்கிறது!