பணிநீக்கமும் தண்டனையின் அளவும்

ஒழுங்கீனத்தின் பேரில் வேலையினின்று நீக்கப்பட்ட தொழிலாளியின் வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்தின் முன் வரும்போது அங்கே இரண்டு வினாக்கள் எழுகின்றன: அவர் குற்றம் புரிந்தாரா என்பது ஒன்று, புரிந்தாரெனில் அதற்கு வேலைநீக்கம் தக்க தண்டனைதானா என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடை காண வேண்டிய முறையை நம் நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக நுணுக்கமான விதிகளால் வரையறுத்திருக்க, இரண்டாவது வினாவோ இன்றளவும் பெரும்பாலும் வழக்கைக் கேட்கும் நீதிபதியின் மனப்பாங்கை ஒட்டியே விடை பெறுகிறது. இத்தகைய தகராறுகள் ஒரு நீதிமன்றத்திலிருந்து மற்றொன்றுக்குப் படியேறிப் பல்லாண்டுகள் நீள்வதற்கு இந்த ஏற்றத்தாழ்வே முதற்காரணம் என்பதும், அதற்குரிய பரிகாரத்தைத் தண்டனை உத்தரவு எழுதப்படும் நிர்வாகியின் மேஜையிலேயே தொடங்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1947-ஆம் ஆண்டின் தொழிற் தகராறுகள் சட்டம் பிறந்த காலத்தில், குற்றமிழைத்த தொழிலாளியைத் தண்டிப்பது முதலாளியின் சொந்த அதிகாரம் என்ற அபிப்பிராயமே வேரூன்றியிருந்தது. அந்த அதிகாரத்தில் தீர்ப்பாயம் எந்த நிலையில் தலையிடலாம் என்ற பிரச்சினையைத் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 1951-இல், சென்னைப் பக்கிங்ஹாம் கர்நாட்டிக் கம்பெனியின் வழக்கில் ஆராய்ந்தது. (1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றுவதற்கு நிலைக்களனாயிருந்த ஆலைகளே இந்தச் சட்ட விசாரத்துக்கும் நிலைக்களனாயின என்பது நம் தொழிற்சங்க வரலாற்றை அறிந்தவர்க்கு வியப்பளிக்காது.) பின்னர், இந்தியன் அயர்ன் அண்ட் ஸ்டீல் கம்பெனியின் வழக்கில், உச்ச நீதிமன்றம் தலையீட்டுக்குரிய காரணங்களை நான்காக வரையறுத்தது: நிர்வாகத்திடம் நல்லெண்ணம் இல்லாமை, பழிவாங்கலோ நேர்மையற்ற தொழில் நடைமுறையோ இருத்தல், அடிப்படையான பிழையோ இயற்கை நீதியின் மீறலோ நேர்ந்திருத்தல், சாட்சியங்களுக்கு முற்றிலும் பொருந்தாத முடிவுக்கு வந்திருத்தல். இந்நான்கில் எதிலும் தண்டனையின் கடுமை என்ற பேச்சு இல்லை. குற்றம் முறையாக நிரூபணமாகிவிட்டால், அபராதம் போதுமா, வேலையே போக வேண்டுமா என்பது முதலாளியின் விருப்பம்.

இவ்வளவு இறுக்கமான ஒரு சித்தாந்தம் வாழ்க்கையோடு மோதாமல் இருக்க முடியாது. 1961-ஆம் ஆண்டின் ஜனவரி முதல் தேதி ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. புத்தாண்டு விடுமுறையை அதனால் இழந்ததாகக் கருதி மறுநாள் வேலைக்கு வராமலிருந்த சில தொழிலாளரை ஹிந்த் கன்ஸ்ட்ரக்ஷன் நிறுவனம் வேலையினின்றே நீக்கிவிட்டது. இவ்வழக்கைத் தீர்த்த உச்ச நீதிமன்றம், நியாய உணர்வுள்ள எந்த முதலாளியும் விதிக்க மாட்டாத அளவுக்குத் தண்டனை மிகையாக இருக்குமாயின், அந்த மிகையையே பழிவாங்கலுக்குச் சான்றாகக் கொள்ளலாம் என்றது. தீர்ப்பின் பயன் நன்று. அதன் தர்க்கம் வளைந்தது. தண்டனை மிகையானது என்று நேரே சொல்ல வழியில்லாத காரணத்தால், மிகைப்பட்டவன் தீய எண்ணம் கொண்டவன் என்று நீதிமன்றம் கற்பித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வெறும் சினத்தாலோ அசட்டையாலோ கடுந்தண்டனை விதிக்கும் நிர்வாகிகள் உலகில் உண்டு; அவர்களையெல்லாம் வஞ்சகர் என்று சொன்னால்தான் தொழிலாளிக்கு நீதி கிடைக்கும் என்ற நிலை எவருக்கும் நியாயம் செய்வதாகாது.

இந்த வளைவை நிமிர்த்துவதற்கே 1971-இல் 11-ஏ பிரிவு சட்டத்தில் சேர்க்கப்பட்டது. வேலை நீக்கத்தை வேலை கொடுத்தவரல்லாத ஒரு நடுநிலை அமைப்பு ஆராய வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1963-இல் நிறைவேற்றிய 119-ஆம் பரிந்துரை அதற்குத் தூண்டுகோலாயிற்று. இப்பிரிவின்படி, வேலைநீக்கம் நியாயமற்றது எனத் தீர்ப்பாயம் கருதினால் அதை ரத்து செய்து மீண்டும் வேலையில் அமர்த்தலாம். குறைந்த தண்டனையை அதற்குப் பதிலாக விதிக்கவும் செய்யலாம். நீதிபதி வைத்தியலிங்கம் எழுதிய 1973-ஆம் ஆண்டின் ஃபயர்ஸ்டோன் தீர்ப்பு, சாட்சியங்களைத் தானே புதிதாக எடைபோடும் அதிகாரம் இனித் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்று இப்பிரிவை விரிவாக விளக்கியது. ஆனால் எந்த அளவுகோலால் எடைபோடுவது என்பதைச் சட்டமும் சொல்லவில்லை, தீர்ப்பும் சொல்லவில்லை.

முதல் வினாவின் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தகும். உள்விசாரணை எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. குற்றச்சாட்டு தெளிவாக அறிவிக்கப்பட வேண்டும். சாட்சிகள் தொழிலாளியின் முன்னிலையில் விசாரிக்கப்பட வேண்டும். அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யவும் தம் தரப்புச் சாட்சிகளை நிறுத்தவும் அவருக்கு வாய்ப்பு வேண்டும். விசாரணை அதிகாரி தம் முடிவைக் காரணங்களோடு எழுத வேண்டும் என்று 1963-ஆம் ஆண்டின் சூர் எனாமல் தீர்ப்பு வரிசைப்படுத்தியிருக்கிறது. அதே ஆண்டில் தீர்க்கப்பட்ட மீன்கிளாஸ் தேயிலைத் தோட்ட வழக்கு இன்னும் கருத்துக்குரியது. தோட்டத்து மானேஜரையும் உடனிருந்தவர்களையும் தொழிலாளர் தாக்கினர் என்பது குற்றச்சாட்டு. விசாரணை நடத்த அமர்ந்தவர்களோ தாக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டவர்களே. தொழிலாளர் எதிரில் சாட்சி எவரும் விசாரிக்கப்படவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கேள்வி கேட்டதே விசாரணையாயிற்று. அடிபட்டவரே நீதிபதியாக அமரும் விசாரணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளியது. இன்று இதைப் படிக்கும் எந்த மனிதவள அதிகாரியும் இத்தகைய பிழையைச் செய்ய மாட்டார். விதி தெளிவாக இருப்பதன் பலன் அது.

இரண்டாவது வினாவில் அந்தத் தெளிவு எங்கே? மேலதிகாரியிடம் தகாத சொல் பேசியதற்காக நீக்கப்பட்ட, அதுவரை மாசற்ற பணிக்காலம் உடைய ஒருவரின் வழக்கில், ஊதிய உயர்வை நிறுத்திவைப்பதே போதுமான தண்டனை என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2005-இல், மஹிந்திரா நிறுவனத்தில் மேற்பார்வையாளரை ஆபாசமாக ஏசிய ஒரு தொழிலாளிக்குத் தொழிலாளர் நீதிமன்றம் வேலையைத் திருப்பிக் கொடுத்தபோது, 11-ஏ பிரிவின் அதிகாரம் கட்டற்றதன்று என்று சொல்லி அதே உச்ச நீதிமன்றம் நீக்கத்தை நிலைநிறுத்தியது. அதே ஆண்டில் பாரத் ஃபோர்ஜ் வழக்கு: 1983-இல் ஒரு முற்பகல் வேளையில் வேலை நேரத்தில் இரும்புத் தகட்டின் மேல் அயர்ந்து தூங்கியவர், முன்பும் மும்முறை ஒழுங்கீனத்துக்கு ஆளானவர், நீக்கப்பட்டார், அது மிகையான தண்டனை என்று தொழிலாளர் நீதிமன்றம் கருதியது, 22 ஆண்டுகளுக்குப் பின் உச்ச நீதிமன்றம் அதற்கு மாறாகக் கூறியது. இத்தீர்ப்புகளைத் தனித்தனியே எடுத்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. சேர்த்துப் பார்த்தால், பழைய பணி வரலாறு எவ்வளவு கனக்கும், சொல்லின் இழிவு எவ்வளவு கனக்கும் என்பதை அடுத்த வழக்கின் வக்கீல் எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இங்கேதான் நாம் பலகாலும் கண்டும் காணாமல் விட்டுவிட்ட ஒரு விதியை நினைவூட்ட விரும்புகிறோம். 1946-ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி நிலையாணைகளில், தண்டனை விதிக்கும் அதிகாரி குற்றத்தின் கடுமையையும், தொழிலாளியின் முந்தைய பணிப் பதிவையும், தண்டனையைத் தணிக்கவோ கூட்டவோ தக்க பிற சூழ்நிலைகளையும் கருத வேண்டும் என்ற வாசகம் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. நடைமுறையில் இது ஒரு சடங்காகிவிட்டது. முந்தைய பதிவு பரிசீலிக்கப்பட்டது, தண்டனையைக் குறைக்கத் தக்க காரணம் எதுவும் காணப்படவில்லை என்ற ஒரே வாக்கியம் உத்தரவுக்கு உத்தரவு மாறாமல் அச்சாகிறது. இருபது ஆண்டு உழைத்தவருக்கும் அதே வாக்கியம். சென்ற ஆண்டு சேர்ந்தவருக்கும் அதே வாக்கியம். குறுக்கு விசாரணைக்கு இடந்தராத உள்விசாரணையைக் குறையுடையதென்று தள்ளும் நீதிமன்றம், இந்தப் போலிப் பரிசீலனையை மட்டும் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

நாம் முன்வைக்கும் விதி இது. முந்தைய பதிவில் என்ன இருந்தது, எச்சரிக்கை, அபராதம், தற்காலிக வேலைநீக்கம், ஊதிய உயர்வு நிறுத்தம் ஆகியவற்றில் ஒன்று ஏன் போதாது என்பதை உத்தரவிலேயே நிர்வாகம் காரணங்களோடு எழுதியிருக்குமாயின், அக்காரணங்கள் அறிவுக்கு ஒவ்வாதவை என்று காட்டப்பட்டாலொழிய தீர்ப்பாயம் தலையிடலாகாது. அவ்வாறு எழுதியிராவிட்டால், நிர்வாகத்தின் முடிவுக்கு எந்த மதிப்பும் தராமல் தண்டனையைத் தீர்ப்பாயமே புதிதாக நிர்ணயிக்கலாம். நிர்வாகத்தின் முடிவுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது சம்பாதிக்கப்பட வேண்டிய மதிப்பு.

தொழிற்சாலையின் கட்டுப்பாடு இதனால் குலையும் என்பது முதலாளிகள் தரப்பில் வரக்கூடிய ஆட்சேபம். உண்மையில் இவ்விதியால் மிகுந்த பயன் பெறுபவர் கவனமுள்ள முதலாளியே. பாரத் ஃபோர்ஜ் நிறுவனத்தின் கைவசம் மூன்று பழைய குற்றங்களின் பதிவு இருந்தும், அதன் கனத்தை நிலைநாட்ட அது உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. தொழிலாளர் தரப்பிலோ வேறோர் ஆட்சேபம் எழலாம்: எழுதத் தெரிந்த நிர்வாகிக்கு இது ஒரு கேடயமாகிவிடாதா? ஓரளவு ஆகும். ஆயினும் எழுதப்பட்ட காரணத்தை எதிர்த்து வாதாட முடியும். எழுதப்படாத மனநிலையை எதிர்த்து எவர் வாதாடுவது?

பிற்காலத் தீர்ப்பு முற்காலத் தவற்றை முழுதும் ஈடுசெய்யாது என்பதையும் சிந்திக்க வேண்டும். கோலார் தங்க வயலில் 1986-இல் பணிநீக்கம் செய்யப்பட்ட ஒரு பாதுகாப்பு அதிகாரி, அதே சம்பவத்தின் மேல் தொடரப்பட்ட குற்ற வழக்கில் 1987-இல் விடுதலை பெற்றார். பிழைப்பூதியம் கிடைக்காத நிலையில், கேரளத்திலிருந்து விசாரணைக்கு வந்து போகவும் இயலாமல் அவர் இருந்தபோது, நீக்கத்துக்கு முந்தைய உள்விசாரணை அவர் இல்லாமலேயே முடிக்கப்பட்டிருந்தது. அவருக்கு உச்ச நீதிமன்றம் நியாயம் வழங்கியது 1999-இல். தொழிற் தகராறுச் சட்டத்தின் வழியே வந்த வழக்கு அன்று அது. ஆயினும் காலத்தின் கணக்கு எல்லா வழக்குகளுக்கும் ஒன்றே. மேல்முறையீடு நடக்கும் காலத்துக்குக் கடைசியாகப் பெற்ற ஊதியத்தைத் தர வேண்டும் என்னும் அச்சட்டத்தின் 17-பி பிரிவுகூட, மீண்டும் வேலையில் அமர்த்தும் தீர்ப்பை ஒருமுறை வென்றவருக்கே உதவியது.

2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து பழைய சட்டங்களைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. தண்டனையைத் திருத்தும் தீர்ப்பாயத்தின் அதிகாரம் அதிலும் நிலைத்திருக்கிறது. அளவுகோல் அதிலும் இல்லை. நிலையாணைகள் வகுக்கும் கடமையோ 300 தொழிலாளரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே என்றாகிவிட்டதால், பணிப் பதிவைக் கருத வேண்டும் என்ற பழைய வாசகத்தின் காப்பு சிறு ஆலைகளில் உழைப்பவர்களுக்கு எட்டாது. ஆதலால் இவ்விதியை நிலையாணைகளின் துணையை எதிர்பாராமல், தண்டனையின் நியாயத்தை ஆராயும் அதிகாரத்தின் உள்ளடக்கமாகவே நீதிமன்றங்கள் வாசிக்க வேண்டும். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. சூர் எனாமல் தீர்ப்பு உள்விசாரணைக்குச் செய்ததைத் தண்டனைக்குச் செய்யும் ஒரு தீர்ப்பு போதும்.